வண்டிச் சத்தம்

விடியுமுன்னே கொள்ளு வேகவைத்துவிட்டேன்.
மரைக்காயர் லாயத்தில் அன்றைக்கு
ஏழு வண்டிக்கும் சத்தம் பேசியாயிற்று,
முன்பணம் வேறு.
இந்தப் பினாங்கில் சாவுக்குக்கூட
முன்பணம் தந்து நான் பார்த்ததில்லை.

என்ன விசேஷம் என்றேன்.
"முனிசிபலுக்கு ஆள் பிடிக்கிறோம்" என்றார்
கிராணி சவரிராயன்.
ஆள் பிடிப்பது எனக்குத் தெரியும்.
நாகப்பட்டினத்தில் என்னைப் பிடித்தவனும்
முதலில் வெற்றிலைதான் கொடுத்தான்.

என் வண்டிக்கு நீல நாடா.
நீலம் யாப் தவுக்கே,
மஞ்சள் கார்மைக்கல் துரை.
சுட்டிக்கு நெற்றியில் நாடா பிடிக்கவில்லை.
தெலிக் குதிரை, கட்டைக் கால், நெட்டைக் கோபம்;
ஆர்மீனியன் தெரு முனைவரைக்கும்
தலையை உதறி உதறி
யாருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை
என்றுகொண்டே வந்தாள்.

முதல் சவாரி பினாங்குத் தெருச் செட்டியார்.
டவுன் ஹால் கூப்பிடு தூரம்.
அவருக்கு நடக்கத் தெரியும்,
சும்மா வந்த வண்டியை விடத் தெரியாது.
யாருக்குப் போடுவீர்கள் என்றேன்.
"ரெண்டு பேரும் நம்மகிட்ட வட்டி கட்டுறவங்க.
எவன் ஜெயிச்சா அசல் வருமோ அவனுக்கு."

அடுத்து ஒரு சட்டைக்கார வாத்தியார்.
பாதி வழியில் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்து
திரும்பச் சொன்னார்.
வீட்டில் கண்ணாடி கிடைத்தது,
கூடவே மதியச் சாப்பாடும்.
வாசலில் நானும் சுட்டியும்
வெயிலைத் தின்றோம்.

ஆர்கைல் ரோட்டில்தான்
அந்தக் குரல் கூப்பிட்டது.
மூங்கில் தட்டிக்குப் பின்னால் மைமூன் நாச்சியார்,
கணவர் போய் நாலு வருஷம்.
தட்டி இடுக்கில் ஒரு கை வந்தது,
கையில் வரி ரசீது.
"மூணு வீட்டுக்கும் நான்தான் கட்டுறேன்.
சாக்கடை ரெண்டு வருஷமா நாறுது.
சாக்கடையை அள்ளுறேன்னு சொல்றவனுக்கு
என் பேரால போட்டுட்டு வா."

அப்படிப் போடலாமா என்று எனக்குத் தெரியாது.
ரசீதைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டேன்.

டவுன் ஹால் மேசைக்காரன் சிரித்தான்.
பெண்பிள்ளைக்குக் கிடையாதாம்.
"சரி, எனக்கு?"
வீடு உண்டா என்றான்.
லாயத்து மச்சில் ஒரு பாய் உண்டு.
வரி உண்டா என்றான்.
இந்த வண்டிக்கும் குதிரைக்கும் வரி உண்டே, என் கையால்தானே
கொண்டுவந்து கட்டுகிறேன் என்றேன்.
அவனுக்கும் பொழுது போகவில்லை போலும்,
இன்னொரு பேரேட்டைப் புரட்டினான்.
சுட்டி இருந்தாள்:
பெண் குதிரை, பழுப்பு, நெற்றியில் வெள்ளை.
வண்டி இருந்தது, சக்கரம் இரண்டு.
சக்கரத்துக்கும் குதிரைக்கும் நடுவில்
உட்கார்ந்திருப்பவன் இல்லை.

வெளியே கடல் வற்றி
சேறு தெரிந்தது.
திடலில் துரைமார் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்,
அவர்களும் ஓட்டுப் போட வந்ததாய்த் தெரியவில்லை.

சாயங்காலம் ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன்.
"போட்டியா?"
தட்டிக்குப் பின்னால்
மூச்சு நின்று காத்திருந்தது.

போட்டேன் என்றேன்.

யாப் தவுக்கே ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்.
நாச்சியார் கணக்கில் பத்து.
லாயத்துக்கு ஒரு தட்டு
நெய்ச்சோறு வந்தது.

மழைக்காலம் வந்தது, சாக்கடை அப்படியே.
அந்தப் பக்கம் சவாரி போனால்
தட்டிக்குள்ளிருந்து ஏசுவாள்:
"தப்பான ஆளுக்குப் போட்டுட்டியே, பாவி.
அடுத்த தடவை நானே பேரைச் சொல்றேன்,
அதுக்குத்தான் போடணும்."
ஆகட்டும் அம்மா என்பேன்.

பிறகு சட்டம் மாறிவிட்டது.
இனி ஆள் பிடிப்பதில்லை,
மேலே இருப்பவர்களே பார்த்து வைத்துக்கொள்வார்கள்
என்றார் சவரிராயன்.
ஊரில் ஒருவரும் அழவில்லை.
மரைக்காயர் மட்டும்
ஏழு வண்டிச் சத்தம் போச்சே என்றார்.

நாச்சியார் இன்னும் கேட்கிறாள்,
எப்போ, எப்போ என்று.
நாள் குறிக்கவில்லை அம்மா என்கிறேன்.
அவள் பேரைத் தேர்ந்து வைத்துவிட்டாள்,
என்னிடம் சொல்லமாட்டாளாம்,
அன்றைக்குத்தான் சொல்வாளாம்.

நீல நாடா கொள்ளுச் சாக்கின்
வாயைக் கட்டியிருக்கிறது.
அவிழ்க்கிற சத்தம் கேட்டால்
சுட்டி காதை நிமிர்த்துகிறாள்.